வெறுந்தட்டு

நம் பள்ளிக்கூடத்துக் குழுவில் ஆளுக்கொரு தீபாவளி நினைவு எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறீர்கள். சந்தோஷமான நினைவாக இருக்கட்டும், பழைய படம் இருந்தால் இன்னும் நல்லது என்று தலைவி குரல் பதிவில் வேறு சொல்லியிருக்கிறாள். என்னிடம் படம் எதுவும் இல்லை. நினைவு ஒன்று இருக்கிறது, அதில் சந்தோஷத்தைத் தேடாதீர்கள். பிடிக்காதவர்கள் வழக்கம்போல ஒரு கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு அடுத்தவர் முறுக்குப் படத்தைப் பார்க்கப் போகலாம்.

போன வாரம் நாம் பதினோரு பேர் முதியோர் இல்லத்துக்குப் போய் வந்தோமே, அன்றிலிருந்துதான் எனக்கு மனசு சரியில்லை. நாம் கொண்டுபோன கூடைகளைவிட நம் பெயர் அச்சடித்த பதாகை பெரிதாக இருந்தது. கண் சரியாகத் தெரியாத ஒரு பெரியவரின் தாடையைப் பிடித்துக் கேமரா பக்கம் திருப்பியது யார்? நான்தான். அங்கிருந்து நேராகப் பேரங்காடிக்குப் போய்த் தள்ளுபடியில் மெத்தை உறையும் திரைச்சீலையும் வாங்கினோம். எவ்வளவு நல்ல காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறோம் என்று பேசிக்கொண்டேதான் வாங்கினோம். அன்று வீட்டுக்கு வந்ததும் எனக்கு மேல்மாடி அக்காவின் ஞாபகம் வந்தது. உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. எங்களுக்கே அவரை இரண்டு மாதம்தான் தெரியும்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடியில் இருந்தோம். அந்தக் கட்டடத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்தூக்கி வேலை செய்தால் அது அதிசயம். சந்தையிலிருந்து வருகிறவர்கள் சொட்டவிட்ட மீன் தண்ணீர் படிக்கட்டு முழுக்க நாறும். அப்பா பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு ஃபேக்டரி பஸ் ஓட்டினார். அம்மா அதே பஸ்ஸில் போய் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்தார். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டும் வேலை. வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு தரையில் படுத்துவிடுவார். அந்தத் துணியில் கோடாலித் தைலம் மணக்கும். இன்றைக்கும் அந்த வாசனை பட்டால் எனக்கு அம்மா வேலை விட்டு வந்துவிட்டார் என்று தோன்றும்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் மாடிக்குச் சாமான் பேய் பிடித்துவிடும். ஒரு வீட்டில் புதுத் திரைச்சீலை மாட்டினால் அடுத்த வீட்டில் தரைக்குப் புது விரிப்பு வரும். மூன்று வீடு தள்ளி இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அந்த வருஷம் எல்லாரையும் முந்திக்கொண்டு சோபா செட் வாங்கிவிட்டார். அரக்குக் கலரில் ரெக்சின் சோபா. மேலே போட்டுவந்த பிளாஸ்டிக்கை அவர் கழற்றவே இல்லை. உட்கார்ந்து எழுந்தால் தொடைத் தோல் உரிந்துவிடும் போலிருக்கும். அதில் போய் உட்கார்ந்துவிட்டு வந்த அம்மா, தீபாவளிக்கு நம் வீட்டிலும் சோபா என்று அறிவித்தார். எனக்கு ஒரு கவுன் என்றும் சொன்னார். டவுன் கடைத்தெருவில் ஒரு கடை வாசலில் எலுமிச்சைக் கலரில் தொங்கிக்கொண்டிருந்த கவுன் அது. கீழே மூன்று அடுக்கு வலைத் துணி, கழுத்தைச் சுற்றியும் அதே வலை, இடுப்பில் சாட்டின் ரிப்பன். அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் அதன் ஓரத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு வருவேன்.

மேல்மாடி அக்கா அந்தச் சமயத்தில்தான் வந்தார். ஆறாவது மாடியில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்திருந்தார். கூடவே என் வயதில் ஒரு பெண் குழந்தை. புருஷன் இல்லை. இருக்கிறாரா, செத்தாரா, ஓடினாரா என்று மாடி முழுக்க ஆராய்ச்சி நடந்தது. கெடாவில் ஏதோ கித்தாத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்து வந்தவர் என்பது மட்டும் தெரிந்தது. அத்தை அவரைத் 'தோட்டத்தாளு' என்று சொல்வார். அத்தையும் தோட்டத்தில் பிறந்தவர்தான், பட்டணம் வந்து அதைப் பத்து வருஷத்தில் மறந்துவிட்டார்.

ஒருநாள் காலையில் ஃபேக்டரி வாசலில் வேலை கேட்டு வந்தவர்களின் வரிசையில் அம்மா அவரைப் பார்த்திருக்கிறார். கையில் சிவப்பு அடையாள அட்டை. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை கிடைக்காமல் போனவர்களின் அட்டை அது. அதைப் பார்த்ததும் வாசலிலேயே போகச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அம்மா எட்டிப் பார்த்தபோதும் அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாராம்.

அன்று சாயங்காலம் அம்மா கண்ணில் துணி போட்டுக்கொள்ளவில்லை. இந்த வருஷம் சோபா வேண்டாம், அந்தப் பிள்ளைக்கும் அதன் குழந்தைக்கும் ஏதாவது செய்வோம், நமக்கு உட்காரத் தரை இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கீழே தேத்தண்ணிக் கடைக்குப் போனார். அவர் கோபம் எப்போதும் அவ்வளவுதான். அத்தைக்கு விஷயம் எட்டியதும், தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும், இவள் பெரிய கொடை வள்ளல் என்று மாடி முழுக்கக் கேட்கும்படி பேசினார். அம்மா பதிலுக்கு, ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்றார். எனக்கு அந்தப் பழமொழி அப்போதிலிருந்தே ஆகாது.

அம்மா அதோடு நிற்கவில்லை. ஃபேக்டரி கேண்டீனைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவரிடம் பேசி, பாத்திரம் கழுவ ஓர் ஆள் இருக்கிறது, எங்கள் மேல்மாடியில் இருக்கிற பிள்ளைதான், அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லி வைத்தார். தீபாவளி முடிந்து வரும் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். அங்கே அட்டை என்ன கலர் என்று யாரும் கேட்கவில்லை. அந்த அறையில் அந்தத் தாயும் மகளும் இருந்து பிழைப்பதற்கு அந்தத் திங்கட்கிழமை ஒன்றுதான் வழி.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அம்மா என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனார். நேராக அந்தக் கடைக்குள் நுழைந்தார். கடைக்காரர் கவுனைக் கொக்கியால் இறக்கி என் தோளில் வைத்துப் பார்த்தார். அளவு கச்சிதம். வலைத் துணி கழுத்தில் உரசியபோது இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். பையை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன், அம்மாவிடம் கூடக் கொடுக்கவில்லை. பஸ்ஸில் பாதி வழி வந்தபின் அம்மா சொன்னார். இது மேல்மாடிப் பாப்பாவுக்கு, உன் அளவும் அவள் அளவும் ஒன்று, அதனால்தான் உன்னைக் கூட்டி வந்தேன், உனக்குப் போன வருஷத்து கவுனையே மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்துவிடலாம் என்று. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நான் பெருமைப்படுவேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. பாவி, பத்து வயதுப் பிள்ளை எதற்குப் பெருமைப்படும் என்று தெரியாமல் எப்படி என்னைப் பெற்று வளர்த்தார்?

அன்று சாயங்காலமே அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், மசாலாத் தூள், ஒரு கோழி எல்லாவற்றையும் கட்டி, மேலே கவுனையும் வைத்து அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். வந்து நிம்மதியாகப் படுத்தார். நான் அன்று சாப்பிடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

தீபாவளி அன்று காலை என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எண்ணெய் தேய்த்துக் குளித்து, கண் எரிய எரியக் கோழிக் கறியும் தோசையும் தின்றுவிட்டு, தட்டுத் தூக்கக் கிளம்ப வேண்டும். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை, அச்சு முறுக்கு எல்லாவற்றையும் தட்டில் அடுக்கித் துணி போட்டு மூடி வீடு வீடாகக் கொண்டுபோவோம். வெறுந்தட்டாக யாரும் திருப்பித் தரமாட்டார்கள். நம் ஆட்கள் ஒரு கைப்பிடி சீனி வைப்பார்கள். நம்மைப் பார்த்துப் பார்த்து, நாங்கள் மாக்சி என்று கூப்பிடும் கீழ்மாடி மலாய்க்கார அம்மாவுக்கும் அது பழகிப்போய், சீனியைக் காகிதத்தில் மடித்து வைத்துத் தருவார். பக்கத்து வீட்டுச் சீனத்தி ஒரு துண்டுச் சிவப்புக் காகிதமாவது வைப்பாள். வெறுந்தட்டு கொடுத்தால் கொடுத்த வீடு வெறுமையாகிப் போகும் என்பது நம் கணக்கு.

எங்கள் வீட்டுத் தட்டுகள் எல்லாம் வெளியே போயிருந்த நேரத்தில், அத்தை பலகாரம் அனுப்பிய தட்டு ஒன்று வீட்டில் இருந்தது. அவருடைய கல்யாணச் சீர்த் தட்டு, அசல் வெள்ளி. அம்மா அவசரத்தில் அதிலேயே பலகாரத்தை அடுக்கி மேல்மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னார். கதவைத் திறந்தது அந்தப் பெண். எலுமிச்சைக் கவுனில் நின்றாள். தட்டை வாங்கி அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து, கழுத்தைச் சொறிந்துகொண்டே, கூசுது, நீ கொஞ்ச நேரம் போட்டுப் பாக்கிறியா என்று கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள், இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது.

மறுநாள் அத்தை தட்டைக் கேட்டார். அது மேல்மாடிக்குப் போயிருக்கிறது என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அம்மா என்னை அனுப்பினார். மேல்மாடி அக்கா தட்டைப் பளபளவென்று துலக்கி, மடித்த நாளிதழ் மேல் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஒரு சங்கடம்.

"நாளைக்கு நானே கொண்டாந்து தரேன்னு அம்மாகிட்ட சொல்லு கண்ணு. வீட்டுல சீனி இல்ல. வெறுந்தட்டா எப்படிக் குடுக்கிறது? அரிசி வைக்கலாம்னா, அது நீங்க குடுத்ததுதானே."

அவருக்குப் பின்னால் அந்தப் பெண் கவுனோடு சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாளும் கழற்றவில்லை. வலைத் துணி குடை மாதிரி விரிந்தது.

நான் கீழே வந்து, "தரமாட்டேங்குறாங்க" என்றேன்.

'இன்னும் தரல' என்று சொல்லியிருக்கலாம். அதுதான் நடந்தது. நீங்களும் நானும் தமிழ் பேசி வளர்ந்தவர்கள், இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும். தரல என்றால் நாளைக்குத் தருவார்கள். தரமாட்டேங்குறாங்க என்றால் மனசில் ஏதோ வைத்துக்கொண்டு மறுக்கிறார்கள். தெரிந்துதான் சொன்னேன். அத்தை 'ஓ' என்று இழுத்தார்.

மூன்றாம் நாள் அத்தை என்னை மறுபடி அனுப்பினார். நான் மேலே போகவே இல்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்து, கால் விரலில் மருதாணி எங்கெல்லாம் அழிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, அதே வார்த்தையைச் சொன்னேன்.

நான்காம் நாள் சாயங்காலம், அம்மா வேலை முடிந்து வந்த கையோடு, அத்தை கிளம்பிவிட்டார். முன்னால் அவர், பின்னால் அம்மா, அம்மாவின் கையில் நான். மேல்மாடி நடைபாதையில் வீட்டுக்கு வீடு கம்பிக் கதவுக்குப் பின்னால் தலைகள் முளைத்தன. அசல் வெள்ளி என்று தெரிந்துதானே அமுக்கி வைத்தாய் என்று அத்தை ஆரம்பித்தார். தோட்டத்து புத்தி என்றார். புருஷன் விட்டுப் போனதற்குக் காரணம் இப்போது தெரிகிறது என்கிற வரைக்கும் போனார். மேல்மாடி அக்காவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், சீனி இல்லாததால்தான் வைத்திருந்தேன், அன்றைக்கே பிள்ளையிடம் சொல்லி அனுப்பினேனே என்றார்.

என்னைப் பார்த்தார். "நீ சொல்லலியா கண்ணு?"

அம்மாவும் என் பக்கம் திரும்பினார். "சொன்னாங்களா?"

"இல்லம்மா."

அவ்வளவுதான். மேல்மாடி அக்கா அழவில்லை, சத்தியம் செய்யவில்லை. உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்து, அத்தை நீட்டிய கையைப் பார்க்காத மாதிரி, அம்மாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். வெறுந்தட்டு. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிற ஆள் இதுதான் என்று அத்தை அத்தனை கம்பிக் கதவுக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு இறங்கினார். படியில் இறங்கும்போது அம்மா என் கையை விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலை மேல்மாடி அக்கா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு ஃபேக்டரி பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார். நானும் பள்ளிக்கூடப் பையோடு அங்கே நின்றேன். அம்மா அவரிடம் போய், கேண்டீனில் ஆள் எடுத்துவிட்டார்களாம், நீங்கள் வர வேண்டாம் என்றார். ஆள் யாரையும் எடுக்கவில்லை. நான் பொறுப்பேற்க முடியாது என்று அம்மாவே முந்தின நாள் அந்தக் குத்தகைக்காரருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா பஸ்ஸில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போனபிறகும் மேல்மாடி அக்கா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். என்னைப் பார்த்து, ஸ்கூலுக்கு நேரமாச்சு போம்மா என்றார். திட்டியிருந்தால் நான் நன்றாக இருந்திருப்பேன்.

அந்த மாதம் முடிவதற்குள் அறை காலியாகிவிட்டது. பெரி ஏறிக் கடல் தாண்டிப் பட்டர்வொர்த் போனார் என்றார்கள், தோட்டத்துக்கே திரும்பினார் என்றார்கள், பிள்ளையை ஓர் ஆசிரமத்தில் விட்டார் என்று அத்தை சொன்னார். எதையும் யாரும் விசாரிக்கவில்லை. போன அன்று எங்கள் கம்பிக் கதவில் ஒரு பை தொங்கியது. உள்ளே கவுன், துவைத்து மடித்து. அதை நான் போட்டேன். ஆமாம், வெட்கமில்லாமல் பொங்கலுக்குப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனேன். பார்த்தவர்கள் எல்லாம் அழகாக இருக்கிறது என்றார்கள். கழுத்தில் கூசியது.

அடுத்த தீபாவளிக்கு எங்கள் வீட்டிலும் சோபா வந்தது. அதற்கடுத்து கலர் டிவி, அதற்கடுத்து கண்ணாடி அலமாரி. அம்மா நன்றாகவே சம்பாதித்தார், நன்றாகவே வாங்கினார். யாராவது உதவி கேட்டு வந்தால் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே பேசி அனுப்பிவிடுவார். கைநீட்டிக் கொடுத்து ஏமாந்தது போதும் என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். ஐம்பது வருஷம் போய்க்கொண்டே இருந்தேன்.

போன வருஷம் அம்மா படுக்கையாகி என் வீட்டுக்கு வந்தார். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் என்னால் முடியவில்லை, சொல்லிவிட்டேன். சீனி விஷயம், படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது, எல்லாம். அம்மா வாயிலிருந்ததை விழுங்கினார்.

"தெரியும்" என்றார். "படி எறங்கும்போதே தெரியும். சாமான் கட்டுனது நான்தானே. சீனி வைக்க மறந்துட்டேன்."

பிறகு ஏன் வேலையைக் கெடுத்தீர்கள் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. படுக்கையில் இருக்கிறவரிடம் பேசுகிற மாதிரி நான் பேசவில்லை.

"அவங்க வெளியாளு. நீ நான் பெத்த பிள்ளை. அத்தன வீட்டு முன்னால உன்னப் பொய்க்காரின்னு சொல்லச் சொல்றியா?"

இத்தனை வருஷமும் அம்மா ஏமாந்தார் என்று நினைத்து நான் வெந்தேன். அவர் ஏமாறவே இல்லை. எனக்காகச் செய்தார். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும், என்னால் முடியவில்லை. இரண்டு நாள் அவரிடம் நான் பேசவில்லை. கஞ்சி மட்டும் ஊட்டினேன்.

மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. தோட்டத்து ஆட்கள் ஊர் ஊராகக் குழு வைத்திருக்கிறார்கள், விசாரித்தால் யாராவது சொல்லலாம். மேல்மாடி அக்கா உயிரோடு இருந்தால் எண்பது வயதைத் தாண்டியிருப்பார். அந்தப் பெண்ணுக்கு நம் வயது. ஒரே ஒரு தடவை போய் அவர்கள் முன்னால் நின்று சொல்லிவிட்டு வந்தால் போதும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அக்கா பெயர் என்ன என்று கேட்டேன்.

அம்மா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அரிசி எந்தக் கடையில் வாங்கினார், கோழி எவ்வளவு எடை, எண்ணெய் எந்த டின் என்பதெல்லாம் அவர் வாயில் வந்தது.

"பேரு…" என்றார். "நாங்க யாரும் கேக்கலையேம்மா."